துறவின் கொள்ளளவு

முதுகுப்பைப் பயணம் எனப்படுவது, ஒருவர் தம் வாழ்வுக்கு வேண்டியவை எனக் கருதும் பொருள்கள் அனைத்தையும் ஒரே பையில் அடக்கி, அந்தப் பையை இரு தோள்களிலும் மாட்டிக்கொண்டு, திரும்பும் நாள் குறிக்காமல் ஊர்விட்டு ஊரும் நாடுவிட்டு நாடும் திரியும் வாழ்க்கை முறையாகும். சனிக்கிழமை கொடைக்கானலுக்குப் போய்த் திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் கையெழுத்திடுவோர் இவ்வரையறைக்குள் வாரார். மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், வாடகை வீட்டைக் காலிசெய்து, வேலையை உதறி, மோட்டார் சைக்கிளை மைத்துனன் தலையில் கட்டிவிட்டுப் புறப்படுவோரே இதில் அடங்குவர். இவ்வாறு புறப்பட்டோர் எழுதும் நூல்களும் ஆற்றும் உரைகளும் ஒரே முடிவைத்தான் வெவ்வேறு சொற்களில் கூறுகின்றன: உடைமை குறையக் குறைய விடுதலை கூடும், பற்று அறுந்தவனே தன் விருப்பப்படி வாழ்பவன். புத்தர் முதல் பட்டினத்தார் வரை பலரும் இதே முடிவை முன்பே சொல்லியிருப்பினும், அவர்களுள் எவரும் பையின் கொள்ளளவை அதற்கு அளவுகோலாகக் கொள்ளவில்லை. இக்காலத்தில் அதற்கும் ஓர் அளவுகோல் வந்துவிட்டது, அது லிட்டர்.

பாலையும் மண்ணெண்ணெயையும் போலப் பையையும் லிட்டரில் அளக்கும் இவ்வழக்கம் மலையேறிகளிடமிருந்து வந்ததாகும். பையின் உள்ளே எவ்வளவு இடம் உண்டு என்பதை அது குறிக்கும். இதன் அடிப்படையில் பயணிகள் இரு பெரும் சமயங்களாகப் பிரிந்துள்ளனர். எழுபது லிட்டர்ப் பை சுமப்போர் ஒருவகையினர். இவர்கள் எங்கே மழை பெய்தாலும், எங்கே பனி விழுந்தாலும், எங்கே திருமணத்துக்கு அழைக்கப்பட்டாலும் அதற்குரிய உடையோடு இருப்பர். முப்பது லிட்டர்ப் பை சுமப்போர் மற்றொரு வகையினர். இவர்கள் முன்னவர்களைக் குடும்பஸ்தர்களாகவே கருதி இரக்கம் காட்டுவர். பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியைப் பாதியாக ஒடித்து எடையைக் குறைத்தோர் இவர்களுள் உயர்நிலை அடைந்தவர்களாக மதிக்கப்படுகின்றனர். பற்றின்மையில் யார் மேல் என்னும் போட்டி, பற்றுகளுள் கடைசியாக ஒழிவது என்பதை இச்சமயத்தார் இன்னும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பையின் உள்ளடக்கமும் ஆராய்ச்சிக்கு உரியது. மூன்று சட்டை, இரண்டு கால்சட்டை, விரைவில் உலரும் துண்டு, வயிற்றுப்போக்கு மாத்திரை, எந்த நாட்டுச் சுவரிலும் பொருந்தும் மின்செருகி, கைபேசிக்கு உயிர் ஊட்டும் பவர் பேங்க், அந்தப் பவர் பேங்குக்கு உயிர் ஊட்டும் சார்ஜர் ஆகியவற்றோடு ஒரு பூட்டும் அதில் தவறாமல் இருக்கும். உலகப் பொருள்களையெல்லாம் துறந்தவர், துறக்க மறந்த சிலவற்றைக் காக்க அதைப் பயன்படுத்துகிறார். கடவுச்சீட்டும் பணமும் மட்டும் பைக்குள் வைக்கப்படாமல், சட்டைக்கு உள்ளே அரைஞாண் கயிறு போல இடுப்பைச் சுற்றிக் கட்டப்படும். துறவிக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு இடுப்பில்தான் தெளிவாகத் தெரிகிறது: முன்னவர் அங்கே கட்டியது கோவணம், பின்னவர் கட்டியது ஏ.டி.எம். அட்டை.

இவ்வாறான விடுதலைக் கோட்பாட்டை உரசிப் பார்க்கத் தமிழ்க் கடற்கரையில் காரைக்காலைவிடத் தகுந்த கல் கிடையாது. காரைக்கால் என்பது புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததாயினும் புதுச்சேரி நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தள்ளி, மூன்று பக்கம் தமிழ்நாட்டாலும் ஒரு பக்கம் வங்கக் கடலாலும் சூழப்பட்டு, அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் சிறு நிலப்பகுதியாகும். 1739இல் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்ற இவ்வூர், 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் நடைமுறையிலும், 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியும் வந்து சேர்ந்தது. அரசியல்வழித் தாயோடு நிலத்தொடர்பு இல்லாமல், பக்கத்து வீட்டாரின் நெல்வயல்களுக்கு நடுவே தனித்து வாழும் ஊருக்குப் பற்றின்மை பற்றிப் பிறர் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

வியப்பு என்னவெனில், முதுகுப்பைப் பயணிகள் இங்கே அரிதாகவே வருகின்றனர். 1960களிலும் 1970களிலும் ஐரோப்பிய இளைஞர்கள் இஸ்தான்புல்லிலிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் காட்மாண்டுவுக்கும் கோவாவுக்கும் தரைவழியே வந்த காலத்தில், அவர்களுள் ஒரு பகுதியினர் தெற்கே இறங்கிப் புதுச்சேரியை அடைந்தனர்; 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் நகரம் தொடங்கப்பட்ட பின் அவர்களுக்கு அங்கே நின்றுவிடக் காரணமும் கிடைத்தது. 1979இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையெடுப்பும் நிகழ்ந்து அந்தத் தரைவழி அடைபட்டபோதும், வானவழியே வந்தோர் புதுச்சேரியோடு நின்றனர். மஞ்சள் சுவர், போகன்வில்லா, ரொட்டிக்கடை ஆகிய மூன்றும் ஒரே தெருவில் இருந்தால்தான் பிரெஞ்சு ஆட்சி நடந்ததற்குச் சான்று என அவர்கள் கொண்டனர் போலும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் காரைக்காலைக் கடந்து நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ செல்லும் வெளிநாட்டவர், பெரும்பாலும் இவ்வூரைத் தூக்கத்திலேயே கடந்துவிடுகின்றனர்.

ஆனால் குறுங்காலப் பயணிகள் உண்டு. இவர்கள் பற்றி ஆய்வாளர்கள் போதிய கவனம் செலுத்தவில்லை. காரைக்காலில் வரிவிகிதம் வேறு. ஆதலால் பெட்ரோலும் மதுவும் தமிழ்நாட்டைவிட விலை குறைவு. தமிழ்நாட்டில் கிடைக்காத சாராயமும் கள்ளும் இங்கே உரிமம் பெற்ற கடைகளில் கிடைக்கும். நாகப்பட்டினத்திலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் மாலை வேளையில் எல்லை தாண்டி வருவோர், வெறுங்கையோடு வருதல், குடும்பக் கவலைகளை எல்லைக்கு அப்பால் விடுதல், திரும்பும் நேரத்தைக் குறிக்காதிருத்தல் ஆகிய மூன்று இலக்கணங்களையும் நிறைவாகப் பெற்றுள்ளனர். சில மணி நேரமே நீடிப்பினும் அவர்களுடைய பற்றற்ற நிலை முழுமையானது. சிலருக்குத் தம் வேட்டி மீதும் பற்று இருப்பதில்லை. திரும்பும்போது மடியில் சிறிது கனம் கூடிவிடுவதாலேயே வாஞ்சூர்ச் சோதனைச்சாவடியில் வழியில் பயம் உண்டாகிறது.

நீண்டகாலப் பயணத்துக்கு வருவோம். காரைக்காலின் வணிகர் தலைவன் தனதத்தனின் மகள் புனிதவதி; பின்னாளில் காரைக்கால் அம்மையார் எனப்பட்டவர் இவரே. அவரை மணந்தவன் நாகப்பட்டினத்து வணிகன் நிதிபதியின் மகன் பரமதத்தன். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரிய புராணத்தில் இவர்கள் வரலாற்றைப் பாடினார். அம்மையார் வாழ்ந்த காலம் அதற்கு ஐந்தாறு நூற்றாண்டுகளுக்கு முந்தியது என்பது பொதுவான கருத்து. கடைக்கு வந்த இரு மாங்கனிகளைப் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பியதும், பசித்து வந்த சிவனடியார்க்குப் புனிதவதி அவற்றுள் ஒன்றைச் சோற்றோடு படைத்ததும், உண்ண வந்த கணவன் ஒரு கனியைத் தின்றபின் மற்றதையும் கேட்டதும், இறையருளால் அவர் கைக்கு ஒரு கனி வந்ததும், அதன் சுவை முந்தியதினும் மிகுந்திருக்கக் கண்டு கணவன் துருவிக் கேட்டதும் தமிழர் அறிந்தவை. உண்மையைச் சொன்ன மனைவியிடம் அவன் இன்னொரு கனி வரவழைக்குமாறு கேட்டான், வந்தது, அவன் கையில் வாங்கியதும் மறைந்தது. மனைவி சமைத்ததில் குறை காணும் கணவர்களை உலகம் அறியும். சுவை கூடிப்போனதற்காக விசாரணை வைத்தவன் பரமதத்தன் ஒருவனே.

அதன்பின் அவன் செய்தது இக்கட்டுரைக்கு மிகவும் தேவையானது. மனைவி மானிடப் பெண் அல்லள், தெய்வம் எனக் கருதிய அவன், அதை அவரிடமும் சொல்லவில்லை, மாமனாரிடமும் சொல்லவில்லை. கடல்கடந்து பொருளீட்டி வருவதாகக் கூறிக் கலம் ஏறினான்; வணிகம் முடித்துத் திரும்புகையில் பாண்டிய நாட்டுத் துறை ஒன்றில் இறங்கி, அங்கேயே கடை வைத்து, இன்னொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என முதல் மனைவியின் பெயரையே இட்டான். வேலையைக் காரணம் காட்டிப் புறப்பட்டு, இடையில் தன்னைக் கண்டறிந்து, கண்டறிந்த இடத்திலேயே தங்கிவிடும் பயணி அவன். தெய்வத்தோடு குடித்தனம் செய்ய இயலாது என்பது அவன் தரப்பு வாதம்; அதில் நேர்மை இல்லாமலும் இல்லை. ஆனால் அந்த வாதத்தைக் காரைக்காலில் ஒரு மாலைப் பொழுதில் மனைவியிடம் சொல்வதற்கு மரக்கலம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

புனிதவதியின் பயணம் வேறு வகை. கணவன் பாண்டிய நாட்டில் இருப்பது தெரிந்ததும் சுற்றத்தார் அவரைப் பல்லக்கில் ஏற்றி அங்கே கொண்டுபோனார்கள். பரமதத்தன் புதிய மனைவியோடும் மகளோடும் வந்து முதல் மனைவியின் காலில் விழுந்தான். அவன் வாயாலேயே காரணத்தைக் கேட்டறிந்த பின்னர், இனி இவ்வழகிய உடல் எவருக்காக என்று கருதி, தசையை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்றார் புனிதவதி. பயணப் பையின் எடையைக் குறைப்பது எப்படி என்று இன்று பல நூல்கள் கற்பிக்கின்றன. பல் துலக்கும் பிரஷில் தொடங்கும் அக்கலையின் இறுதி எல்லை எது என்பதை எலும்பு மட்டும் எஞ்சிய காரைக்கால் அம்மையார் காட்டிவிட்டார். அவருக்கு மாற்றுடை இல்லை, போர்வை இல்லை, தங்குமிடம் சுடுகாடு, ஆதலால் முன்பதிவும் இல்லை. கண்ணாடி பார்க்க வேண்டிய தேவையையே ஒழித்த பயணி வேறு எவரும் உளரோ என்பது ஐயம்.

அவர் சென்ற வழியும் அத்தகையது. வடக்கே கயிலை மலையை அடைந்தவர், சிவன் உறையும் இடத்தைக் காலால் மிதிக்கத் தயங்கித் தலையால் நடந்து ஏறினார் என்பது புராணம். அங்கே சிவன் அவரை அம்மையே என அழைத்தான். பிறவாமையும், பிறப்பு உண்டாயின் மறவாமையும், ஆடும்போது அடிக்கீழ் இருந்து பாடும் பேறும் அவர் கேட்ட வரங்கள். பின்னர் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டுக்கு வந்து அங்கேயே தங்கினார். அற்புதத் திருவந்தாதியும் திருவிரட்டை மணிமாலையும் மூத்த திருப்பதிகங்களும் அவர் பாடியவை. சிவன் கோயில்களில் அறுபத்துமூன்று நாயன்மார் வரிசையாக நிற்க, இவர் மட்டும் அமர்ந்திருப்பதைக் காணலாம். அவ்வளவு தொலைவைத் தலையால் நடந்தவர்க்கு உட்கார இடம் தருவது நாகரிகம்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது அவர் எதை விட்டார் என்பது மட்டுமன்று. எந்த நிலையில் விட்டார் என்பதும் ஆகும். வணிகர் குலத்தில் பிறந்தவர் ஆதலால் ஏட்டில் பாக்கி எதுவும் வைக்காமல் கணக்கை முடித்துவிட்டுப் போனார். கணவன் இருக்கும்வரை இல்லறத்தில் இருந்தார். அவன் வருவான் என்ற காலம்வரை காத்திருந்தார். வரமாட்டான் என்பதை நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவன் பொருட்டுத் தாங்கிய உடலை மட்டும் உதறினார். அவர் போனபின் அவர் விட்ட சுமை என்று எவர் தலையிலும் எதுவும் ஏறவில்லை. பரமதத்தனோ கணக்கைத் திறந்தபடியே வைத்துவிட்டுக் கலம் ஏறியவன். அவன் விட்டுப்போன கேள்வியைப் பாண்டிய நாடுவரை பல்லக்கில் சுமந்து சென்றவர்கள் உறவினர்கள். பயணிகளை முப்பது லிட்டர், எழுபது லிட்டர் எனப் பிரிப்பதைவிடப் புனிதவதி வகை, பரமதத்தன் வகை எனப் பிரிப்பது பயனுடையது என்பது இக்கட்டுரையின் துணிபு.

உயிர் பிரிந்த பின்னும் அம்மையார் பயணம் ஓயவில்லை. கம்போடியாவில் 967இல் எழுப்பப்பட்ட பந்தே சிரே கோயிலின் வாயில் முகப்பில், ஆடும் சிவனின் காலடியில் மார்பு வற்றி அமர்ந்திருக்கும் பெண்ணுருவைக் காரைக்கால் அம்மையார் என ஆய்வாளர்கள் அடையாளம் காண்கின்றனர். கைத்தாளம் ஏந்தி வாய்விட்டுப் பாடும் அவருடைய சோழர்கால வெண்கலத் திருமேனிகள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் கேன்சஸ் சிட்டியின் நெல்சன்–ஆட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் வீற்றிருக்கின்றன. உலகெங்குமுள்ள முதுகுப்பைப் பயணிகள் கூடும் சியெம் ரீப் நகரிலிருந்து துக்துக் வண்டி பிடித்துப் பந்தே சிரே போகும் இளைஞர்கள், காரைக்காலைத் தூக்கத்தில் கடந்த அதே இளைஞர்கள்தாம், அங்கே அந்த எலும்புருவத்தைப் படம் எடுத்துக்கொள்கின்றனர். அவர்களைவிட நெடுந்தொலைவு, அவர்களைவிடக் குறைந்த சுமையோடு வந்த ஒருவர் எதிரே அமர்ந்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

காரைக்காலில் இந்த வரலாறு ஆண்டுதோறும் ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழாவாக நடத்திக் காட்டப்படுகிறது. மாப்பிள்ளை அழைப்பும் திருக்கல்யாணமும் முறையாக நடக்கும். மறுநாள் பிச்சாண்டவர், அதாவது கபாலம் ஏந்திப் பிச்சைக்குப் புறப்பட்ட கோலத்துச் சிவன், வீதி உலா வருவார். வீடு இல்லாதவர், சுடுகாட்டில் தங்குபவர், ஒரே பாத்திரத்தை உணவுக்கும் நீருக்கும் பயன்படுத்துபவர் என்ற முறையில் இவரும் இக்கட்டுரையின் வரம்புக்குள் வருகிறார். அவர் பின்னால் மாடிகளிலிருந்தும் வீட்டு வாசல்களிலிருந்தும் மக்கள் மாங்கனிகளை வீச, கீழே நிற்போர் தாவிப் பிடிப்பர். அக்கனியை உண்டால் பிள்ளைப்பேறு கிட்டும் என்பது நம்பிக்கை. ஒரு துறவியின் திருவிழாவில் ஊரே குழந்தை வேண்டிக் கையேந்தி நிற்பதைக் குறையாகக் கொள்ளலாகாது. ஊர் என்பது துறவியைக் கொண்டாடும். ஆனால் துறவை ஒருபோதும் பின்பற்றாது. எல்லோரும் பேயுருவம் வேண்டிப் போய்விட்டால் அடுத்த ஆண்டு மாம்பழம் வீச மாடியில் ஆள் இராது.

காரைக்காலிலிருந்து கையில் ஒரு மூட்டையோடு நெடும்பயணம் போனவர் எல்லோரும் விடுதலையை நாடிப் போகவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை 1848இல் ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியவர்கள் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து டெல்டா மாவட்டத்து ஏழைகளை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் சென்றனர். ஒப்பந்தக் கூலி என்பவர், குறிப்பிட்ட ஆண்டுகள் ஒரு முதலாளிக்கே உழைப்பதாகக் கைநாட்டு வைத்தவர். ரெயூனியனுக்கும், 1853 முதல் மார்த்தினிக்குக்கும், அடுத்த ஆண்டிலிருந்து குவாதலூப்புக்கும் கப்பல்கள் போயின. அவர்களுடைய உடைமை எந்த நவீன பயணியின் பையைவிடவும் சிறியது. திரும்பும் நாளும் குறிக்கப்படாதது. ஆயினும் அதை எவரும் சுதந்திரம் என்று அழைக்கவில்லை. அவர்களுட் பலர் திரும்பவே இல்லை. எஞ்சியதைக் கொண்டு அவர்கள் அத்தீவுகளில் மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் கோயில் எழுப்பினர். சுமை குறைந்தால் விடுதலை கூடும் என்ற சூத்திரம், சுமையைத் தாமே இறக்கி வைத்தவர்க்குத்தான் பொருந்தும்; பிடுங்கப்பட்டவர்க்குப் பொருந்தாது.

காரைக்கால் சாலையில் இன்றும் காலால் நடந்து போவோர் உண்டு. ஆகஸ்டு 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் காவி உடுத்திக் குழுக்குழுவாக நடந்து வருவோர் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே காரைக்காலைக் கடக்கின்றனர். இவர்களுள் பலரிடம் முதுகுப்பை இல்லை. கைகளை வீசி நடக்கின்றனர். அந்த எளிமையின் இரகசியம், சற்றுப் பின்னால் மெதுவாக ஊர்ந்து வரும் குட்டியானை வண்டியில் இருக்கிறது. மாற்றுடை, பாய், அரிசி, அண்டா, ஒலிபெருக்கி, கொப்புளத்துக்கு மருந்து ஆகியவை அதில் வருகின்றன. நடப்பவரின் விடுதலைக்கும் வண்டிக்கும் உள்ள உறவை இவர்கள் மறைப்பதே இல்லை. வண்டிக்கு மாலையும் போட்டு மாதா படத்தையும் முன்னால் வைக்கின்றனர். முதுகுப்பைப் பயணிக்கும் இப்படி ஒரு வண்டி எங்கோ பின்னால் வந்துகொண்டுதான் இருக்கிறது. அவருடைய சமையல் பாத்திரங்களைப் பரணில் ஏற்றிய தாயும், வங்கிக் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் தந்தையும், மோட்டார் சைக்கிளுக்குக் காப்பீடு கட்டும் மைத்துனனும் அதில் ஏறியிருக்கின்றனர். மாலை போடப்படாத வண்டி அது.

இந்த ஆராய்ச்சியின் கடைசிச் சான்று காரைக்காலுக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டரில் உள்ள திருநள்ளாற்றில் கிடைக்கிறது. நிடத நாட்டு மன்னன் நளன் காலைச் சரியாகக் கழுவாத ஒரு பொழுதில் அவனைப் பற்றியது கலி என வடமொழிப் பாரதமும் நளவெண்பாவும் கூற, சனி எனத் திருநள்ளாற்றுத் தலவரலாறு கூறும். சூதில் நாட்டை இழந்தான். பிள்ளைகள் இருவரும் தமயந்தியின் பிறந்தகத்துக்கு அனுப்பப்பட்டனர், ஏனெனில் பெற்றோர் வீடு துறக்கும் எந்தக் காலத்திலும் பாட்டி வீடு திறந்தே இருக்கிறது. காட்டில் பறவை பிடிக்க ஆடையை வீசியபோது பறவைகள் அந்த ஒற்றை ஆடையையும் தூக்கிப் பறந்தன. பின்னர் தமயந்தியின் சேலையையே இருவரும் உடுத்தியிருக்க, அவள் உறங்கிய நள்ளிரவில் அதைப் பாதியாக அறுத்துக்கொண்டு நளன் தனியே போனான். உடைமை பூச்சியம், சுதந்திரம் முழுமை. எனினும் இவன் பரமதத்தன் வகையே. காட்டில் விழித்தெழுந்து, மலைப்பாம்பிடமும் வேடனிடமும் தப்பி, வணிகர் கூட்டத்தோடு நடந்து சேதி நாட்டில் பணிப்பெண்ணாக இருந்து மீண்ட தமயந்தியின் பயணம் அவனுடையதைவிடக் கடினமானது. ஆயினும் ஊருக்குப் பெயரும் குளத்துக்குப் பெயரும் நல்ல சமையலுக்குப் பெயரும் நளனுடையவை.

அவனைப் பற்றிய சனியும் ஒரு நெடும்பயணியே. சனிக்கோள் சூரியனை ஒருமுறை சுற்றி வர ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டுகள் ஆகும். பன்னிரண்டு இராசிகளில் ஒவ்வொன்றிலும் சுமார் இரண்டரை ஆண்டு தங்குவதாகச் சோதிடர் கணிப்பர். ஓர் ஊரில் ஓடியோடிப் பார்க்காமல் நிதானமாகத் தங்கி அவ்வூர் மக்களின் வாழ்வோடு கலக்க வேண்டும் என்று இக்காலப் பயண நூல்கள் வற்புறுத்துகின்றன. மந்தன் என்றே பெயர் பெற்ற சனி அதைத்தான் நெடுங்காலமாகச் செய்து வருகிறார். விருந்தோம்புவோர்தாம் அதை விரும்புவதில்லை. அவர் இராசி மாறும் நாளில், 2023 டிசம்பர் 20 அன்று நிகழ்ந்ததுபோல, திருநள்ளாற்றுத் தர்ப்பாரண்யேசுவரர் கோயிலில் பெருங்கூட்டம் திரளும். சனிக்கிழமைதோறும் வருவோரும் ஏராளம்.

வருவோர் நல்லெண்ணெய் தேய்த்து நளதீர்த்தத்தில் மூழ்கி, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டுப் புதுத்துணி உடுத்திக் கோயிலுக்குள் செல்வர். பீடை துணியோடு போய்விடும் என்பது எண்ணம். பற்றறுத்தலை ஐந்து நிமிடத்தில் முடித்துத் தரும் இம்முறையில், அறுந்த பற்றுகள் ஈரமும் எண்ணெயுமாகக் குளத்திலும் படியிலும் குவிகின்றன. வேட்டி, சேலை, பனியன், பள்ளிக்கூடத்து அரைக்கால்சட்டை என அக்குவியலைக் கூடைகூடையாக வாரி ஏற்றுவோர் துப்புரவுத் தொழிலாளர்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வேண்டாமென்று விட்ட ஏழரையாண்டுத் துன்பத்தையும் நாள்தோறும் கையால் தொட்டுத் தூக்குகிறவர்களுக்குச் சனி என்ன கணக்கு வைத்திருக்கிறார் என்பதைச் சோதிட நூல்கள் பேசவில்லை.

நளன் கதையையே சான்றாகக் கொண்டாலும் இவ்வழக்கத்துக்கு ஆதாரம் வலுவாக இல்லை. நளன் ஆடை இழந்தது காட்டில். இழந்தபோது அவனுடைய துன்பம் தீரவில்லை, கூடியது. கார்க்கோடகன் என்னும் பாம்பு கடித்து உருக்குலைந்து, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் தேரோட்டியாகவும் சமையற்காரனாகவும் காலம் தள்ளிய பின்னர், அதே பாம்பு கொடுத்து வைத்திருந்த ஆடையை எடுத்து உடுத்தியபோதுதான் அவனுக்குப் பழைய உருவம் திரும்பியது. அதாவது நளனை மீட்டது விட்ட துணி அன்று. பத்திரமாக வைத்திருந்து உடுத்திய துணி. ஆகவே திருநள்ளாற்றுக்கு வரும் அன்பர்கள், முதுகுப்பையோடு வந்தாலும் மஞ்சள்பையோடு வந்தாலும், குளித்த துணியைப் படியிலேயே பிழிந்து, உடன் கொண்டுவந்த பையில் மடித்து வைத்து, வீட்டுக்கு எடுத்துச் சென்று துவைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.